எந்த இலை பழுத்தது?

சென்ற ஆனி மாதம் மகள் வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போனபோது வீட்டில் விட்டுச் சென்றவை மூன்று: ஒரு பழைய மிதிவண்டி, பாதியில் நின்ற ஒரு பின்னல் வேலை, 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் கொண்ட ஒரு மீன்தொட்டி. முதல் இரண்டும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. மீன்தொட்டிக்கு மட்டும் நாள்தோறும் ஆள் வேண்டியிருந்தது. காலையில் விளக்கைப் போடுவது, ஒரு சிட்டிகை தீனி தூவுவது, ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பங்குத் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவது. இவ்வளவுதான் அவள் சொல்லிக்கொடுத்தது. மீன்கள் சொன்னபடி கேட்டன. தொல்லை செடிகளிடமிருந்து வந்தது.

அந்தத் தொட்டியில் நான்கு வகைச் செடிகள் இருந்தன. பின்புறம் ஹைக்ரோபிலா. நெடுகத் தண்டுவிட்டுக் கணுவுக்கு இரண்டு இலையாக எதிரெதிரே வைத்து வளர்வது. நம் வயல் வரப்புகளில் முள்ளோடு நிற்கும் நீர்முள்ளியும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. நடுவில் அமேசான் ஸ்வார்ட் என்னும் வாள்வடிவ இலைச்செடி ஒன்று. முன்புறம் இலங்கையின் ஓடைகளைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வெண்டி. ஒரு மரத்துண்டின்மேல் கட்டிவைத்த ஜாவா ஃபெர்ன். இந்தப் பெயர்களெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு அவை எல்லாமே பச்சை.

ஆவணி பிறந்தபோது அந்தப் பச்சை கலையத் தொடங்கியது. முதலில் ஹைக்ரோபிலாவின் இலைகள் சிலவற்றின் விளிம்பு மஞ்சளானது. பிறகு ஊசியால் குத்தியதுபோல் சிறு புள்ளிகள். சில நாளில் புள்ளிகள் ஓட்டைகளாயின. வாள்செடியிலோ வேறு மாதிரி. இலை நரம்புகள் பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளுத்து, பழைய வெள்ளைச் சேலையில் பச்சைக்கரை மட்டும் மிஞ்சியதுபோல் இருந்தது.

தமிழாசிரியனுக்கு இலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சொற்கள்தான். இலை, தாள், தோகை, ஓலை என்று நிலைத்திணையின் வகைக்கு ஏற்பத் தமிழ் சொல்லைப் பிரித்து வைத்திருப்பதைப் பாவாணர் எடுத்துக்காட்டியதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறேன். தளிர், கொழுந்து, இலை, பழுப்பு, சருகு என்று அதன் பருவங்களையும் கரும்பலகையில் வரிசையாக எழுதுவேன். அந்த வரிசை வெறும் அகராதி அல்ல, ஓர் இலை செடியின் எந்த இடத்தில், எந்த வயதில் இருக்கிறது என்பதைச் சொல்லும் குறிப்பு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தொட்டிக்கு முன்னால் நின்றபோது நான் கண்டது 'மஞ்சள்' ஒன்றைத்தான்.

இன்னொரு சொல்லும் நினைவுக்கு வந்தது: பசலை. பிரிவால் தலைவியின் மேனியில் படரும் நிறமாற்றம். பசுமைக்கும் பசலைக்கும் வேர் ஒன்றுதான். 'பசு' என்ற அந்த வேர் செழிப்பின் பச்சையையும் குறிக்கும், நலிவின் வெளிர்மஞ்சளையும் குறிக்கும், பொன்னின் நிறத்தையும் குறிக்கும். ஒரே அடியிலிருந்து எதிரெதிரான இரு நிலைகளுக்குச் சொல் பிறந்திருப்பதை மாணவர்களிடம் வியப்போடு சொல்வது என் வழக்கம். திருக்குறளில் பசப்புக்கென்றே ஓர் அதிகாரம் இருப்பதையும் சேர்த்துக்கொள்வேன். ஆனால் பசலையைக் கண்டவர்கள் அகப்பாடல்களில் என்ன செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருந்தால், அடுத்த ஒரு மாதம் நான் செய்த காரியங்களைத் தவிர்த்திருக்கலாம்.

அவர்கள் வேலனை அழைக்கிறார்கள். மகளின் மேனி வாடியதைப் பார்த்த தாய்க்குக் காரணம் தெரிவதில்லை. கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள். முருகு அணங்கியது என்கிறார்கள். களம் இழைத்து, மறி அறுத்து, வெறியாட்டு நடக்கிறது. மகளின் நோய்க்குக் காரணமான மலைநாடனோ அங்கே இல்லவே இல்லை. தலைவியும் தோழியும் இதைப் பார்த்துத் தமக்குள் நகைக்கும் இடங்கள் சங்கப் பாடல்களில் உண்டு. தலைவியைத் தவிர உண்மையை அறிந்தவள் தோழி ஒருத்தியே. அவள் வாய்திறக்கும் வரையில் ஆட்டம் நடந்துகொண்டேதான் இருக்கும்.

நானும் ஆடினேன்.

*

முதலில், வெளிச்சம் போதவில்லை என்று முடிவு செய்தேன். செடி என்றால் வெயில் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். நாளொன்றுக்கு 8 மணிநேரம் எரிந்த விளக்கை 13 மணிநேரம் எரியவிட்டேன். பத்து நாளில் கண்ணாடியிலும் பழைய இலைகளிலும் பச்சைப் புள்ளிகளாகப் பாசி ஒட்டியது. ஓட்டைகள் பெருகின.

அடுத்து, இரும்பு. வெளிறிய இலைக்கு இரும்புச்சத்து என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு குப்பி வாங்கி வந்து அளவுக்கு மேலேயே ஊற்றினேன். ஹைக்ரோபிலாவில் ஒரு மாற்றமும் இல்லை. வாள்செடியும் அசையவில்லை.

பிறகு நத்தைகள்மேல் ஐயம் வந்தது. ஓட்டைகளை அவைதான் போடுகின்றன என்று தோன்ற, இரவில் விளக்கடித்து நத்தை பொறுக்கினேன். ஜாவா ஃபெர்னின் இலைகளைத் திருப்பிப் பார்த்தபோது அடிப்பக்கத்தில் வரிசை வரிசையாகக் கரும்பழுப்புப் புள்ளிகள். நோய் முற்றிவிட்டது என்று அந்த இலைகளையெல்லாம் வெட்டி எறிந்தேன். மண்ணில்தான் கோளாறு என்று எண்ணிக் கிரிப்டோகோரைனை வேரோடு பிடுங்கி இடம் மாற்றி நட்டேன். மூன்றே நாளில் அதன் இலைகள் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும்படியாகி, பிறகு கூழாகக் கரைந்து போயின. மகள் தொலைபேசியில் மீன்களை விசாரித்தாள். நன்றாக இருக்கின்றன என்றேன். செடிகளைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, ஒவ்வொரு செடியிலிருந்தும் கெட்டுப்போன இலைகளைப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கொளத்தூருக்குப் போனேன். சென்னையில் வண்ணமீன் வளர்ப்புக்கும் வணிகத்துக்கும் பேர்போன இடம் அது. தெருவுக்குத் தெரு கடைகள். கண்ணாடித் தொட்டிகளின் அடுக்குகள், காற்றடைத்த பைகளில் மிதக்கும் மீன்கள், எங்கும் மோட்டாரின் முணுமுணுப்பு. செடிகள் மட்டும் விற்கும் சிறிய கடை ஒன்றில் நுழைந்தேன். தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டிருந்த இளைஞன் நிமிர்ந்து பார்த்தான்.

"வாங்க ஐயா. நல்லா இருக்கீங்களா?"

எங்கள் துறையில் மாணவர்கள் 'சார்' என்று சொல்வதில்லை, 'ஐயா' என்பார்கள். முகம் நினைவுக்கு வந்தது, பெயர் வரவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டில் நின்றுபோனவன். கடைசி வரிசை, சுவரோரம். எங்கே இருக்கிறாய் தம்பி, என்ன செய்கிறாய் என்றெல்லாம் கேட்பதற்கு அந்த இடமே விடையாக இருந்ததால், நான் பையைப் பிரித்து இலைகளை மேசைமேல் பரப்பினேன்.

அவன் ஓர் இலையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தான். "இது மேல இருந்த இலையா ஐயா, கீழ இருந்ததா?"

எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் பறித்துப் போட்டிருந்தேன்.

"பறிச்சிட்டு வந்துட்டா எப்படித் தெரியும்? நீங்கதான சொல்வீங்க, யார் கூற்றுன்னு தெரியாம பாட்டுக்குப் பொருள் சொல்லக் கூடாதுன்னு."

உண்மை. ஒவ்வொரு ஆண்டும் அகப்பாடலின் முதல் வகுப்பில் நான் சொல்வது அது. தலைவி சொல்கிறாளா, தோழி சொல்கிறாளா, யாரிடம், எந்தச் சூழலில் என்று தெரியாமல் அடிகளை மட்டும் பிய்த்து வைத்துக்கொண்டால் ஒரே வரி வாழ்த்தாகவும் தெரியும், வசையாகவும் தெரியும். அந்த வகுப்பில் அவன் விழித்திருந்தான் என்பது எனக்குப் புதுச் செய்தி.

*

அன்று அவன் சொன்னதை, பிறகு நான் படித்தறிந்தவற்றோடு சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். மீன்தொட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு உதவலாம்.

செடிக்கு வேண்டிய சத்துகளை அவன் இரண்டு வகையாகப் பிரித்தான்: நகரும் சத்து, நகராத சத்து. நம் உழவர்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று சொல்லும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் நகர்பவை. மெக்னீசியமும் அப்படியே. தண்ணீரில் இவற்றுள் ஒன்று குறைந்துபோனால் செடி தன் பழைய இலைகளில் சேர்த்துவைத்திருப்பதை உருவி, வளரும் நுனிக்கு அனுப்பிவிடும். ஆகவே குறை எந்தச் சத்தில் இருந்தாலும் வெளிறுவது அடியில் உள்ள முதிய இலைதான். நுனிக்கொழுந்து பசுமையாகவே இருக்கும். இரும்பு, கால்சியம், போரான், மாங்கனீசு போன்றவை நகராதவை, அல்லது மிக அரிதாகவே நகர்பவை. ஓர் இலையில் போய்ச் சேர்ந்தால் அங்கேயே இருந்துவிடும். அவை குறைந்தால் பழைய இலைகள் பச்சையாக நிற்க, புதிதாக வரும் கொழுந்து வெளுத்தோ முறுக்கியோ பிறக்கும்.

எனவே முதல் கேள்வி, எந்த இலை பழுத்தது என்பதே. நிறம் அதற்குப் பிறகு வருகிறது. முதிய இலை முழுவதும் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. முதிய இலையின் விளிம்பு மஞ்சளாகி, ஊசித்துளைகள் விழுந்து, அவை பெரிதானால் சாம்பல் சத்துக் குறைவு. ஹைக்ரோபிலா இதை மற்றச் செடிகளுக்கு முன்பாகவே காட்டிக்கொடுக்கும். முதிய இலையில் நரம்பிடை வெளுத்தால் மெக்னீசியம். பச்சையத்தின் நடுவில் அமர்ந்திருக்கும் அணு அதுதான். புதிய இலையில் நரம்பிடை வெளுத்தால் பெரும்பாலும் இரும்பு. இரும்பு பச்சையத்தின் உறுப்பு அல்ல, ஆனால் அது இல்லாமல் பச்சையம் உருவாகாது. புதிய இலை சுருண்டு கோணினால் கால்சியத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

"உங்க தொட்டியில ரெண்டு வியாதி ஐயா. நீங்க ஒண்ணுன்னு நினைச்சு ஒரே மருந்து ஊத்தியிருக்கீங்க."

ஹைக்ரோபிலாவுக்குச் சாம்பல் சத்து இல்லை. வாள்செடிக்கு இரும்பு இல்லை. ஆனால் இரும்பைத்தான் ஊற்றினேனே என்றேன். வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா என்று கேட்டு, மேசையறையிலிருந்து சோதனைத் தாள் ஒன்றைக் கொடுத்தான். மறுநாள் பார்த்தபோது எங்கள் தண்ணீரின் பிஎச் அளவு 8ஐ ஒட்டியிருந்தது. அத்தகைய காரத்தன்மை கொண்ட நீரில் சாதாரண இரும்பு உப்பு விரைவில் துருவாகிப் படிந்துவிடும். அதைத் தடுக்கவே இரும்பை வேறொரு மூலக்கூறால் பொதிந்து விற்கிறார்கள். அவற்றுள் எளிதில் கிடைக்கும் ஈடிடிஏ வகை, பிஎச் 7ஐ நெருங்கும்போதே பிடி தளர்ந்துவிடும். டிடிபிஏ வகை இன்னும் கொஞ்சம் தாங்கும். வாள்செடி வேரால் உண்ணும் செடி என்பதால், களிமண் உருண்டைக்குள் உரம் வைத்து அதன் வேரருகே புதைப்பதே நல்லது என்றான். நான் ஊற்றிய இரும்பு அடிமணலில் செம்படலமாகக் கிடந்ததைப் பார்த்தும் அது என்னவென்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஜாவா ஃபெர்னின் கரும்புள்ளிகளைப் பற்றிச் சொன்னபோது அவன் சிரித்துவிட்டான். அவை வித்துப்பைகள். பெரணிச் செடிகள் பூப்பதில்லை, இலையின் அடியில் வித்துகளை வைத்தே பெருகுகின்றன. நோய் என்று எண்ணி நான் வெட்டி எறிந்தவை சூல்கொண்ட இலைகள்.

கிரிப்டோகோரைன் கரைந்ததற்கும் சத்துக்கும் தொடர்பில்லை. அந்தச் செடி இடமாற்றத்தையும் திடீர் மாறுதல்களையும் பொறுக்காமல் இலைகளையெல்லாம் உதிர்த்துவிடும். வேர் உயிரோடு இருக்கும். தொடாமல் விட்டுவைத்தால் சில வாரங்களில் மறுபடி தளிர்க்கும். கடைகளில் வாங்கும் செடிகள் பலவும் பண்ணையில் நீருக்கு வெளியே வளர்க்கப்பட்டவை. தொட்டிக்குள் வந்ததும் காற்றில் வளர்ந்த இலைகளைக் கைவிட்டு, நீருக்குள் வாழத்தக்க புதிய இலைகளைப் போடும். அந்தப் பழைய இலைகள் பழுப்பதும் நோய் அல்ல. மருந்து தேடி ஓடாமல் காத்திருக்கவேண்டிய மஞ்சளும் உண்டு.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததல்ல. பிரான்சில் யூசேப் கிரீ என்பவர் 1840களில் வெளிறிய இலைகளின்மேல் இரும்பு உப்புக் கரைசலைத் தடவி, அவை மீண்டும் பச்சையாவதைக் காட்டினார். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் ஜூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் மண்ணே இல்லாமல், உப்புகள் கரைத்த நீரில் செடிகளை வளர்த்தார்கள். ஓர் உப்பை மட்டும் கொடுக்காமல் நிறுத்தி, இலை எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்கு அந்த முறை வழிவகுத்தது. அதற்கும் முன்பு, கார்ல் ஸ்பிரெங்கல் சொல்லி, யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் பரப்பிய விதி ஒன்று உண்டு. செடியின் வளர்ச்சியை முடிவுசெய்வது நிறைந்திருக்கும் சத்துகள் அல்ல, எது மிகக் குறைவாக இருக்கிறதோ அது. உயரம் வெவ்வேறான பலகைகளால் செய்த பீப்பாயில், மிகக் குட்டையான பலகையின் மட்டம் வரைதான் தண்ணீர் நிற்கும் என்று இதற்கு உவமை சொல்வார்கள்.

வெளிச்சத்தைக் கூட்டியதாகச் சொன்னேன். அவன் தலையில் கைவைத்துக்கொள்ளாத குறை. "வெளிச்சம் கூடினா வளர்ச்சி கூடும் ஐயா. வளர்ச்சி கூடினா பசி கூடும். சாப்பாடு போடாம வேலை வாங்கின மாதிரிதான்."

பிறகு, இதற்கு முன்னால் யாராவது ஏதாவது ஊற்றி வந்தார்களா என்று கேட்டான். அங்கிருந்தே மகளை அழைத்தேன். "அலமாரியில ஒரு பாட்டில் இருந்துச்சேப்பா, வாரா வாரம் ஒரு மூடி ஊத்துவேன். சொல்ல மறந்துட்டேனா?" என்றாள். பெயர் ஒட்டாத அந்தப் பாட்டிலை ஆடியில் வீடு துப்புரவு செய்தபோது நானே குப்பையில் போட்டிருந்தேன்.

*

கடையில் வேறு வாடிக்கையாளர் இல்லை. தேநீர் வரவழைத்தான். அவன் நின்றுபோன கதையை நான் கேட்கவில்லை. அவனாகவும் அதைக் கதையாகச் சொல்லவில்லை. செடிகளைப் பற்றிய பேச்சின் இடையே துண்டு துண்டாக வந்தது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து அப்பா விழுந்தது முதலாண்டின் கடைசியில். இடுப்பு எலும்பு. அதன்பின் அவர் வேலைக்குப் போகவில்லை. தங்கை அப்போது பிளஸ் டூ. இவன் கொளத்தூரில் பின்னிரவு வேலைக்குச் சேர்ந்தான். வெளியூர் அனுப்பும் மீன்களைப் பைகளில் ஆக்ஸிஜன் ஏற்றி அடைப்பது. விடிகாலையில் முடியும். குளித்துவிட்டு நேரே கல்லூரி.

எனக்கு என் பக்கத்துக் கதை நினைவிருந்தது. இரண்டாம் ஆண்டில் அவன் முதல் மணிக்கு வருவதில்லை. வந்த நாள்களில் தூங்கினான். நான் அவனைத் திருத்த முயன்றேன். மற்றவர்களுக்கு ஒரு கட்டுரை என்றால் அவனுக்கு இரண்டு கொடுத்தேன். பளு ஏறினால் பொறுப்பு வரும் என்று நம்பினேன். ஒருநாள் அகநானூற்று வகுப்பில், தலைவி இரவெல்லாம் கண்படாமல் கிடப்பதை விளக்கிக்கொண்டிருந்தபோது, மேசைமேல் தலைசாய்த்திருந்த அவனைக் காட்டி, "தலைவிக்குத் தூக்கமில்லை, நம் தம்பி அவளுக்கும் சேர்த்துத் தூங்குகிறார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அந்தப் பருவத்தின் முடிவில் 75 விழுக்காடு வருகை இல்லாதவர்களின் பட்டியல் வந்தது. அவன் பெயருக்கு எதிரே 'ஈடுபாடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அடுத்த பருவத்தில் அவன் வரவில்லை. யாரும் தேடவில்லை.

மெய்ப்பாடு என்று தொல்காப்பியத்தில் ஓர் இயலே இருக்கிறது. உள்ளத்தில் நிகழ்வது உடலில் வெளிப்படுவதைக் கண்டறிவது எப்படி என்று பேசும் இயல். அதை நடத்திச் சம்பளம் வாங்குபவன் நான். ஒரு பையனின் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைப் பார்த்து, அதற்குச் சோம்பல் என்று பெயரிட்டேன். குறை இருந்தது அந்த வீடு முழுவதிலும். அது வெளியே தெரிந்தது மூத்தவனிடத்தில். கொழுந்து பசுமையாக இருக்கும்படி அவன் பார்த்துக்கொண்டான். தங்கை இப்போது பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு.

உவமை இவ்வளவு நன்றாகப் பொருந்தும்போது அதை ஐயுறவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். இலைக்கு மனம் இல்லை. பழைய இலை புதிய இலைக்காகத் தியாகம் செய்வதில்லை. சத்து தேவைப்படும் இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். அவனோ அறிந்து செய்தான். தூக்கத்தையும் படிப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கொடுத்தான். ஆகவே இந்த ஒப்புமை அவனுக்குப் பெருமை சேர்க்க அல்ல. என் பிழை எங்கே இருந்தது என்று எனக்கு நானே சுட்டிக்கொள்ள மட்டும்.

எழுந்து புறப்படும்போது, "அன்றைக்கு வகுப்பில் நான் ஒன்று சொன்னேன், தம்பி…" என்று தொடங்கினேன்.

"தலைவிக்கும் சேர்த்துத் தூங்குறதா? நல்லாத்தான் இருந்துச்சு ஐயா. நானே சிரிச்சேன்" என்றான்.

அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. செடிக்கான மருந்தைப் பற்றிக் கேட்டேன்.

*

மருந்து மிக எளிது. உரக்கடையில் 0:0:50 என்ற எண்ணோடு விற்கும் பொட்டாசியம் சல்பேட். 50 லிட்டருக்குச் சற்று மேல் நீர் பிடிக்கும் என் தொட்டிக்கு, லிட்டருக்கு 10 மில்லிகிராம் பொட்டாசியம் சேர்க்க ஏறத்தாழ 1.2 கிராம் போதும். ஒரு தேக்கரண்டியில் கால்பங்கைவிடக் குறைவு. வாரம் ஒருமுறை, தண்ணீர் மாற்றிய பிறகு. வாள்செடியின் வேரில் இரண்டு உர உருண்டைகள். விளக்கு மறுபடி 8 மணிநேரம். கிரிப்டோகோரைனைத் தொடக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், அடுத்த மாற்றத்துக்கு முன் இரண்டு வாரம் பொறுக்கவேண்டும். இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும்.

"ஓட்டை விழுந்த இலை மூடாது ஐயா. அதைப் பார்த்துக்கிட்டு மருந்து கேக்கலன்னு நினைக்காதீங்க. புதுசா வர்ற இலையைப் பாருங்க. அது நல்லா வந்தா சரியாயிடுச்சுன்னு அர்த்தம்."

நான் அதையே செய்தேன். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரத்தில் ஹைக்ரோபிலாவின் நுனிக்குக் கீழே இருந்த கணுக்களில் இலைகள் துளையில்லாமல் முதிரத் தொடங்கின. ஐப்பசி முடியும்போது வாள்செடியின் நடுவிலிருந்து ஒரு புதிய இலை நரம்பும் இடைவெளியும் ஒரே பச்சையாக விரிந்தது. இறந்துவிட்டது என்று நான் நினைத்த கிரிப்டோகோரைனின் இடத்தில், கார்த்திகையில், விரல்நகம் அளவுக்கு ஒரு செந்தவிட்டு நிறத் தளிர். அந்த நிறம் அந்தச் செடிக்கு இயல்பானது என்பதால் பதறவில்லை.

கொளத்தூருக்கு அதன்பிறகு நான்கு முறை போய்விட்டேன். ஒருமுறை, தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்பை முடிப்பதற்கான விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தங்கச்சி முடிக்கட்டும் ஐயா" என்று வாங்கி, கல்லாப்பெட்டிக்குக் கீழே உள்ள இழுப்பறையில் வைத்தான். அடுத்த முறை போனபோது இழுப்பறை திறந்திருந்தது. விண்ணப்பம் அங்கேயே இருந்தது, மேலே மீன்தீனிப் பொட்டலங்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கால அட்டவணை போட இது என் செடி அல்ல.

இந்தப் பருவத்தின் வருகைக் குறைவுப் பட்டியல் சென்ற வாரம் என் மேசைக்கு வந்தது. நான்கு பெயர்கள். கையெழுத்திடும் முன் நால்வரையும் தனித்தனியே அழைத்து, வீட்டில் யார் யார், யார் சம்பாதிக்கிறார்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று கேட்டேன். ஒருவன் உண்மையிலேயே சோம்பேறி. அவனே ஒப்புக்கொண்டான். ஒருத்திக்கு விடுதியில் ஏதோ தொல்லை, இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. மற்ற இருவரைப் பற்றித் துறையில் பேசவேண்டியிருக்கிறது. பட்டியலில் 'குறிப்பு' என்ற கட்டத்தை இம்முறை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

ஹைக்ரோபிலாவின் அடித்தண்டில் அந்தத் துளைவிழுந்த இலைகள் சில இன்னும் இருக்கின்றன. கத்தரித்துவிட்டால் தொட்டி அழகாக இருக்கும் என்று மார்கழி விடுமுறைக்கு வந்த மகள் சொன்னாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.